ஐந்து காகித ஸ்பிரிங்கும் ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸும்

"இது எழுந்து நின்றால் 100 பவுண்டு கேட்டிருப்பேன். படுத்துக் கிடக்கிறது, அதனால்தான் 18" என்றார் கடைக்காரப் பாட்டி.

லண்டனில் நான் குடியிருக்கும் பக்கம் பழைய காகிதங்களுக்கென்றே ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தை அவ்வப்போது கூடும். பஸ் டிக்கெட், சோப்பு உறை, ஹோட்டல் மெனு, யாருக்கோ யாரோ எழுதிய போஸ்ட்கார்டு. ஊரில் பழைய பேப்பர்காரர் எடைக்குக்கூட எடுக்கத் தயங்கும் சரக்கை இங்கே பிளாஸ்டிக் உறையில் போட்டு விலைச்சீட்டு ஒட்டி வைத்திருப்பார்கள். சும்மா வேடிக்கை பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன். வெறுங்கையோடு திரும்பியது கிடையாது.

பாட்டி சொன்னது ஒரு வேலன்டைன் அட்டையைப் பற்றி. விக்டோரியா ராணி காலத்துச் சரக்கு. வடிவத்தைப் பார்த்தால் 1860களாக இருக்கலாம் என்பது என் கணிப்பு. இரண்டாக மடித்த தாள், 18 செ.மீ. உயரம், 12 செ.மீ. அகலம். அதன் முகப்பில் கொஞ்சம் சிறிய அளவில் இன்னொரு தாள், முழுக்கத் துளைத் துளையாக, பாவாடை ஓரத்து லேஸ் மாதிரி. இதைப் பேப்பர் லேஸ் என்பார்கள். இந்த லேஸ் அடித்தாளோடு ஒட்டியிருக்கக் கூடாது. நான்கு மூலையிலும் நடுவிலும் விசிறி மடிப்பாக மடித்த குட்டிக் காகித ஸ்பிரிங்குகளை வைத்து ஒரு செ.மீ. உயரத்துக்குத் தூக்கி நிறுத்தியிருப்பார்கள். உறைக்குள் இருக்கிறவரை தட்டையாக அமுங்கிக் கிடக்கும். வெளியே எடுத்தால் மூச்சை உள்ளே இழுப்பது போல மெல்ல எழும்பும். நடுவே வெட்டி ஒட்டிய வண்ணப்படம்: அலகில் கடிதம் கவ்விய புறா, சுற்றிலும் ரோஜா. உள்ளே நான்கு வரி அச்சுக் கவிதை. அனுப்பியவர் பெயர் இல்லை, வாங்கியவர் பெயரும் இல்லை. வேலன்டைன் அட்டையில் பெயர் போடாமல் அனுப்பி, யார் அனுப்பியது என்று எதிராளியைக் குழம்பவிடுவதுதான் அன்றைய வழக்கம்.

என் கைக்கு வந்தபோது அதன் நிலைமை இது. ஐந்து ஸ்பிரிங்கில் இரண்டு உருப்படி. இரண்டு மடிப்பிலேயே ஒடிந்து, லேஸுக்கும் தாளுக்கும் நடுவில் செத்த பூச்சி மாதிரி கிடந்தன. ஒன்றைக் காணவே காணோம். லேஸின் வலது ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல், அதன் மேல் எந்தப் புண்ணியவானோ ஒட்டிய செலோடேப். அது காய்ந்து, தேன் நிறத்தில் பல்லிளித்தது.

முதல் வேலையாகக் காபித்தூள் நிறுக்கும் சின்னத் தராசில் வைத்தேன். 9 கிராம்.

எடையில் எனக்கு ஏன் அக்கறை என்றால், இந்த அட்டைகளின் கதையே தபால் கட்டணத்தில் ஆரம்பிக்கிறது. 1840க்கு முன்னால் பிரிட்டனில் கடிதத்துக்குத் தூரத்தையும் தாள் எண்ணிக்கையையும் பார்த்துக் காசு. அதையும் பெரும்பாலும் வாங்குகிறவர்தான் கொடுக்க வேண்டும். நமக்கு யாரோ அன்பைத் தெரிவித்தால் அதற்கு நாம் காசு கட்ட வேண்டும், அப்படி ஒரு ஏற்பாடு. 1840 ஜனவரி 10 முதல் நாட்டின் எந்த மூலைக்கும், அரை அவுன்ஸ் வரை 1 பென்னி என்று ஆக்கினார்கள். மே மாதம் பென்னி பிளாக் தபால்தலையும் வந்துவிட்டது. அரை அவுன்ஸ் என்றால் 14 கிராம் சொச்சம். அதைத் தாண்டினால் 2 பென்னி. என் அட்டை 9 கிராம், தொலைந்துபோன உறைக்கு 3 அல்லது 4 கிராம் வைத்தால் கணக்கு சரியாக அந்த வரம்புக்குள் வந்து நிற்கிறது. இவ்வளவு ஜோடனையும் ஏன் இவ்வளவு மெல்லிய தாளில் என்ற கேள்விக்குத் தராசே ஒரு பதில் சொன்ன மாதிரி இருந்தது. அந்தப் பதிலை நான் ஒழுங்காகக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, அதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது சாயங்காலம் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, 10 மடங்கு லென்ஸில் லேஸை மேய்ந்தேன். அடி ஓரத்துப் பூவேலைக்குள், எறும்பு அளவு எழுத்தில், அழுத்திப் பொறித்த ஒரு பெயர்: மேன்செல். ஜோசப் மேன்செல் அக்காலத்து லண்டனில் பேர்பெற்ற லேஸ் காகிதத் தயாரிப்பாளர். இந்தப் பெயர்களைத் தேடிப் பிடிப்பதில் சேகரிப்பாளர்களுக்குத் தனிக் கிறுக்கு உண்டு. டாப்ஸ் என்ற கம்பெனி காலத்துக்கேற்பத் தன் பெயரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே போனதால், ஓரத்தில் எந்தப் பெயர் என்று பார்த்தே அட்டையின் வயதைச் சொல்லிவிடுவார்கள்.

லேஸின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் எனக்குச் சுவாரசியம். முன்னால் ஒவ்வொரு துளையின் விளிம்பும் கத்தியால் வெட்டியது போலத் தெரிகிறது. பின்னால் திருப்பி லென்ஸை வைத்தால், விளிம்பெல்லாம் பூனை முடி மாதிரி நார். வெட்டிய துளை என்றால் நார் இருக்காது. இது தேய்த்து எடுத்த துளை. எஃகு அச்சில் பூவேலையைச் செதுக்கி, அதன்மேல் தாளை வைத்து அழுத்துவார்கள். தாள் மேடும் பள்ளமுமாக எழும்பும். மேடு வந்த இடங்களை அரத்தாலோ உப்புத்தாளாலோ தேய்த்தால் அங்கே மட்டும் காகிதம் கரைந்து துளை விழும். 1834ல் டாப்ஸ் பட்டறையில் வேலை பார்த்த ஜோசப் ஆடன்புரூக் என்பவர் தற்செயலாகத்தான் இதைக் கண்டுபிடித்தார் என்று கதை சொல்கிறார்கள். அழுத்திய தாளின் மேட்டில் அரம் பட்டுத் தேய்ந்துவிட்டதாம், பார்த்தால் லேஸ். தற்செயலோ இல்லையோ, அதுவரை ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தியும் கத்தியால் அறுத்தும் செய்த வேலை இதனால் பட்டறை வேலையாக மாறிவிட்டது.

சரி, நாமும் ஒரு துண்டு செய்து பார்த்தால் என்ன? பழையதில் கை வைப்பதற்கு முன்னால் அந்தக் காகிதம் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிய வேண்டுமில்லையா. கைவினைக் கடையில் விற்கும் பிளாஸ்டிக் எம்போசிங் ஃபோல்டர் ஒன்று (நடுவில் தாளை வைத்து அழுத்தினால் பூவேலை மேடாக எழும்பும் அச்சு), 400ஆம் நம்பர் உப்புத்தாள் ஒன்று.

முதலில் பிரின்டர் தாள். அழுத்தி, வெளியே எடுத்து, கண்ணாடி மேல் வைத்துத் தேய்த்தேன். மேடு அமுங்கிப் போனதே தவிர துளை விழவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தேன், பூவோடு சேர்ந்து பக்கத்து இலையும் பிய்ந்து வந்தது. இரண்டாவது, மெல்லிய ஏர்மெயில் தாள். அது உப்புத்தாள் பட்டதும் பஞ்சாகத் திரண்டது. அப்புறம்தான் புத்தி வந்தது. பழைய தாள் மெல்லியது மட்டுமல்ல, விறைப்பானது; மை ஊறாமல் இருக்க அந்தக் காலத்தில் எழுதும் தாளுக்கு ஜெலட்டின் கஞ்சி போடுவார்கள். நானும் வெந்நீரில் கொஞ்சம் ஜெலட்டினைக் கரைத்து ஏர்மெயில் தாளின் இரண்டு பக்கமும் பூசி, துணிக்கொடியில் காயவிட்டேன். காய்ந்ததும் அப்பளம் மாதிரிக் கலகலத்தது. இந்தத் தடவை தாளை அச்சிலிருந்து எடுக்கவே இல்லை. அச்சின் மேட்டில் அது போர்த்திக் கிடக்கும்போதே கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் பட்டும் படாமலும் தேய்த்தேன். முதல் துளை விழுந்தபோது ஒரு வெண்புள்ளி கறுப்பானது, அவ்வளவுதான். ஆனால் நான் உட்கார்ந்த இடத்திலேயே சத்தம் போட்டுவிட்டேன்.

ஐந்து செ.மீ. சதுரத்தில் 40 துளை. ஒரு மணி 40 நிமிடம். பிளாஸ்டிக் ஃபோல்டரும் கூடவே தேய்ந்து குப்பைக்குப் போனது. என் அட்டையின் லேஸில் ஒரு மூலையில் மட்டும் எண்ணிப் பார்த்தேன், 200ஐத் தாண்டியதும் விட்டுவிட்டேன்.

சுத்தம் செய்தது பற்றிச் சொல்ல அதிகமில்லை. அடித்தாளில் புகைக்கரி துடைக்கும் ரப்பர் ஸ்பாஞ்சை ஒற்றி ஒற்றி எடுத்தேன், தேய்க்கவே கூடாது. லேஸுக்கு மென்மையான தூரிகை மட்டும், அதுவும் உள்ளிருந்து வெளிப்பக்கமாக. ஸ்பாஞ்ச் கறுத்த அளவுக்கு அட்டை வெளுக்கவில்லை. எப்போதும் அப்படித்தான்.

செலோடேப் வேறு கதை. பிரிட்டனில் அது விற்பனைக்கு வந்தது 1937ல். அட்டை 70 வருடம்போல எப்படியோ தப்பித்து வந்து, அதற்கப்புறம் ஒரு நல்ல மனதுக்காரர் கையில் மாட்டியிருக்கிறது. கிழிந்த இடத்தை ஒட்ட வேண்டும் என்று நினைத்தாரே, அந்த எண்ணத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பசை காலப்போக்கில் தாளுக்குள் இறங்கி, மஞ்சளாகி, நாருக்குள்ளேயே கெட்டிப்பட்டுவிடும். மெல்லிய கத்தியை ஹேர் டிரையரில் லேசாகச் சூடாக்கி டேப்பின் நுனியில் நுழைத்தேன். மேல் படலம் காய்ந்த வெங்காயத் தோல் மாதிரி தானே எழும்பி வந்தது. அடியில் பிசுபிசுப்பு. கிரேப் ரப்பர் துண்டால் உருட்டி உருட்டி எடுத்தேன், இரண்டு செ.மீ.க்கு ஒரு மணி நேரம். ஒரு இடத்தில் கை கொஞ்சம் வேகமாகப் போனதில் லேஸின் ஒரு சின்ன இலை கையோடு வந்துவிட்டது. அதை இடுக்கியால் எடுத்துக் கண்ணாடிச் சீசாவில் போட்டு மூடி வைத்தேன். பிறகு ஒட்டினேன், ஆனால் எங்கே என்று எனக்குத் தெரியும், பார்க்கும்போதெல்லாம் கண் அங்கேதான் போகிறது. மஞ்சள் கறை போகவில்லை. கரைப்பான்கள் போட்டால் போகும். என் வீட்டுச் சமையலறையில் அந்த நெடியைக் கிளப்ப நான் தயாராக இல்லை, கறை இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்து ஈரச் சோதனை. இதைச் செய்யாமல் பசைக்கிண்ணத்தைத் திறக்கவே கூடாது. பஞ்சு சுற்றிய குச்சியை நனைத்து, பிழிந்து, ஒவ்வொரு நிறத்திலும் கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒற்றிப் பார்க்க வேண்டும். அடித்தாள் பரவாயில்லை. லேஸுக்கு அடியில் வைத்திருந்த இளஞ்சிவப்புக் காகிதம், பஞ்சு பட்ட மாத்திரத்தில் சாயத்தைக் கக்கியது. அதாவது, ஒரு சொட்டுத் தண்ணீர் வழிந்தால் வெள்ளை லேஸ் முழுக்க ரோஸ் கலர்.

புறாவும் ஆபத்தான ஆள்தான். அது குரோமோலித்தோகிராஃப். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். பவேரியாவில் ஜோல்ன்ஹோஃபென் சுரங்கத்துச் சுண்ணாம்புக்கல்லில் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அதே தாளில் அச்சடிப்பார்கள். லென்ஸில் பார்த்தால் ரோஜா ரோஜாவாக இல்லை. சிவப்பு, ரோஸ், பழுப்பு, சாம்பல் என்று கையால் வைத்த புள்ளிகளின் கூட்டம். இன்றைய அச்சில் வரும் வரிசைப் புள்ளிகள் அல்ல, கோலம் போடத் தெரியாதவர் வைத்த புள்ளி மாதிரி நெருக்கமும் இடைவெளியுமாக. நான் 8 நிறம் வரை எண்ணினேன். இப்படி அச்சடித்து, எம்போஸ் செய்து, உருவத்தின் ஓரமாக வெட்டி, சின்னக் காகிதப் பட்டைகளால் ஒன்றோடொன்று கோத்த தாள்களாக ஜெர்மனியிலிருந்து நிறைய வரும். பட்டறையில் தேவையானதைக் கத்தரித்து ஒட்டிக்கொள்வார்கள். என் புறாவின் வாலுக்கடியில் கத்தரிக்க மறந்த அரை மில்லிமீட்டர்ப் பட்டை இன்னும் இருக்கிறது. மேலே ஜெலட்டின் பூச்சு, ஈரக்கை பட்டால் ஒட்டிக்கொள்ளும். சிவகாசிக் காலண்டர் முருகனைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இந்தப் பளபளப்பு அந்நியமாகவே தெரியவில்லை.

பசை காய்ச்சிக்கொண்டிருந்தபோது அம்மாவிடமிருந்து வீடியோ கால்.

"என்னடா அது, கூழா?"

"பசைம்மா. கோதுமை ஸ்டார்ச்."

"மைதா போட்டுக் காய்ச்ச வேண்டியதுதானே. ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடு, கரப்பான் கிட்ட வராது. உங்க தாத்தா பைண்டிங் பண்ணும்போது அப்படித்தான் போடுவார்."

தாத்தாவின் துத்தப் பசையில் ஒட்டிய கணக்குப் புத்தகங்களைப் பூச்சி தொட்டதில்லை என்பது உண்மை. ஆனால் துத்தத்தில் இருப்பது செம்பு, அது காகிதத்தைச் சீக்கிரம் பழுப்பாக்கி நொறுக்கும். இதைச் சொன்னால் தாத்தாவைக் குறை சொன்னதாகிவிடும். "இங்க கரப்பான் கம்மிம்மா" என்று முடித்துக்கொண்டேன்.

மைதாவில் பசைப்புரதம் இருக்கும், ஸ்டார்ச்சில் அது நீக்கப்பட்டிருக்கும், வித்தியாசம் அதுதான். ஒரு பங்கு ஸ்டார்ச், ஐந்து பங்கு தண்ணீர், அரை மணி ஊறல், அப்புறம் சின்னத் தீயில் 20 நிமிடம் கை ஓயாமல் கிண்டல். பால் நிறம் போய்க் கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கி, ஆறவைத்து, சல்லடையில் தேய்த்து எடுக்க வேண்டும். தூரிகையில் எடுத்த பசையை ஒற்றுத்தாளில் ஒரு தடவை தடவி ஈரத்தைக் கொடுத்துவிட்டுத்தான் அட்டைக்குக் கொண்டுபோனேன், சாயம் கக்கும் அந்த இளஞ்சிவப்புக்குப் பயந்து. கிழிசலின் பின்பக்கத்தில் ஜப்பானியத் திசுத்தாள். அதைக் கத்தரிக்காமல், தண்ணீர்க் கோடு போட்டு இழுத்துப் பிய்த்தால் ஓரத்தில் நீள நார் வரும். அந்த நார்தான் பிடித்துக்கொள்கிறது. பசை சும்மா துணைக்கு. இரண்டு மில்லிமீட்டர் அகலத் துண்டுகள், 11 இடத்தில். மேலே ஒட்டாத தாள், அதன் மேல் ஒற்றுத்தாள், அதன் மேல் கண்ணாடி, ராத்திரி முழுக்க.

அப்புறம் ஸ்பிரிங். இங்கேதான் சொதப்பினேன்.

காணாமல் போன ஸ்பிரிங்குக்கு மாற்றாக, சதுர மீட்டருக்கு 120 கிராம் எடையுள்ள பருத்தித் தாளில் பட்டை வெட்டி, ஏழு மடிப்பு மடித்து, இடது கீழ் மூலையில் ஒட்டினேன். பார்க்கக் கம்பீரமாக நின்றது. நல்ல தாள், உறுதியான தாள், இன்னும் நூறு வருடம் தாங்கும் என்று பெருமையாகக் காபி போடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பக்கத்து மூலையில், அதுவரை உருப்படியாக இருந்த பழைய ஸ்பிரிங்கின் தலை லேஸிலிருந்து பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. புதியவனின் தோள் பலத்தில் லேஸ் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது, மறுபக்கம் பழையவனால் பிடித்து நிற்க முடியவில்லை. ஐந்தில் இரண்டு உருப்படி என்றேனே, இப்போது ஒன்று.

அன்று ராத்திரி எதையும் தொடவில்லை. கோபத்தோடு காகித வேலை செய்யக் கூடாது.

மறுநாள் யோசித்தேன். இந்த ஸ்பிரிங் எதையும் தாங்க வேண்டியதில்லை. லேஸின் எடை ஒன்றரை கிராம்கூட இராது. உறைக்குள் அமுங்க வேண்டும், வெளியே வந்தால் எழ வேண்டும், அவ்வளவுதான். பலவீனமாக இருப்பதுதான் அதன் வேலை. தராசு முதல் நாளே சொன்னது, நான்தான் காதில் வாங்கவில்லை. 60 கிராம் தாள் எடுத்தேன். தாளின் நார் ஓடும் திசை மடிப்புக்கோட்டோடு சேர்ந்து ஓடுகிற மாதிரி, அதாவது பட்டைக்குக் குறுக்கே வரும்படி வெட்டினேன். அப்போதுதான் மடிப்பு ஒடியாமல் படியும். ஏழுக்குப் பதில் ஐந்து மடிப்பு. மடித்ததை இரண்டு நாள் புத்தகத்துக்கடியில் வைத்து அதன் திமிரை அடக்கிவிட்டு ஒட்டினேன். இந்தத் தடவை சண்டை இல்லை.

ஒடிந்த இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வைப்பதா, பழையதையே ஒட்டுப்போடுவதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஒன்றைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். காய்ந்த மடிப்பை அப்படியே பிரித்தால் தூளாகிவிடும். ஈர ஸ்பாஞ்ச் வைத்த டப்பாவுக்குள், தண்ணீர் படாமல் உயரத்தில் ஒரு வலைமேல் வைத்து ஒரு மணி நேரம் மூடினேன். காற்றிலிருக்கும் ஈரத்துக்கே தளர்ந்து கொடுத்தது. தூரிகை நுனியால் ஒவ்வொரு மடிப்பாக நிமிர்த்தினேன். ஐந்தரை செ.மீ. நீளம், ஏழு மில்லிமீட்டர் அகலம்.

பழுப்பு மையில் எழுத்து.

பேனாவால் எழுதிய 4½. அதன் கீழே ஒரு 9. பட்டையின் ஓரத்தில் டஜன் என்ற சொல்லின் முதல் பாதி, கத்தரி மீதியைக் கொண்டுபோய்விட்டது. யாருடைய கணக்குப் புத்தகமோ கிழிந்து, பட்டறையில் பட்டை பட்டையாக வெட்டப்பட்டிருக்கிறது. முன்னால் லேஸ், புறா, ரோஜா. அதைத் தூக்கிப் பிடித்திருந்தது பழைய சில்லறைக் கணக்கு. பட்டை ஒடிந்திருந்ததும் சரியாக அந்த 9ன் வளைவு மடிப்பைக் கடக்கும் இடத்தில். அந்தக் காலத்து இரும்பு மை காகிதத்தை அரிக்கும், அதனால் இருக்கலாம்.

இந்த மடிப்புகளை யாரோ உட்கார்ந்து மடித்திருக்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து வொர்ஸ்டர் நகரில் எஸ்தர் ஹவ்லண்ட் நடத்திய பட்டறையைப் பற்றி நன்றாகவே பதிவு இருக்கிறது. 1847ல் படிப்பை முடித்த பெண். இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு வேலன்டைன் அட்டையைப் பார்த்துவிட்டு, இதைவிட நன்றாக நம்மால் செய்ய முடியும் என்று இறங்கியவர். தம் தோழிகளை மேஜையைச் சுற்றி உட்காரவைத்து, ஒருத்தி படம் வெட்ட, ஒருத்தி அடித்தாள் வைக்க, ஒருத்தி லேஸ் ஒட்ட என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தார். லேஸுக்கு அடியில் கலர்த்தாள் வைப்பதும், அடுக்குகளைத் தூக்கி நிறுத்துவதும் அவர் அட்டைகளின் தனி அடையாளம். காதலைச் சொல்லும் அட்டை முழுக்க முழுக்க இப்படி வரிசையில் கை மாறித்தான் உருவானது. அட்டையை வாங்கி அனுப்பியவர் தன் கையால் செய்தது என்று என் அட்டையில் எதுவுமே இல்லை, ஒரு கையெழுத்துகூட.

கையெழுத்து என்று இருப்பது ஒன்றே ஒன்று. பின்பக்க மூலையில், பென்சிலில், 1/6. அதாவது ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ். கடைக்காரர் போட்ட விலை.

12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. 1850 வாக்கில் இங்கிலாந்தில் விவசாயக் கூலியாளுக்கு வாரத்துக்கு 9, 10 ஷில்லிங் கிடைத்தால் பெரிது. வாரம் ஆறு நாள் வேலை என்று வகுத்துப் பாருங்கள், இந்த அட்டை சரியாக ஒரு நாள் கூலி. 1843ல் ஹென்றி கோல் ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லியைக் கொண்டு வரையவைத்த முதல் கிறிஸ்துமஸ் அட்டையும் இதே ரகம்தான்: ஆயிரம் பிரதிபோல அச்சிட்டு, கையால் வண்ணம் தீட்டி, ஒன்று 1 ஷில்லிங். பென்னி தபாலைக் கொண்டுவர உழைத்தவர்களில் கோலும் ஒருவர். அதே மலிவுத் தபாலில் வந்து குவிந்த கடிதங்களுக்குப் பதில் எழுத நேரமில்லாமல்தான் அட்டை அச்சடித்தார் என்பார்கள். நம்பத்தான் ஆசையாக இருக்கிறது. அந்த அட்டையில் குடும்பமே ஒயின் கோப்பையோடு இருக்கும், ஒரு குழந்தைக்கும் ஊட்டுவார்கள். மது எதிர்ப்பாளர்கள் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார்கள். அன்பு மலிவாக, கட்டுக் கட்டாகக் கடைக்கு வந்தது அதற்கப்புறம், கல்லச்சு பெருகிய பிறகு.

விலையை அழிக்கச் சொன்னார் இதே பைத்தியம் பிடித்த நண்பர் ஒருவர். "பரிசுல விலை தெரியக் கூடாது இல்ல?" நியாயம்தான். வாங்கியவரோ அழிக்க மறந்திருக்கிறார், அல்லது எதிராளிக்குத் தெரியட்டும் என்றே விட்டிருக்கிறார். நான் தொடவில்லை. ரப்பரை அந்த மூலைப் பக்கமே கொண்டுபோகவில்லை.

கணக்கு எழுதிய பட்டைக்கு ஒடிந்த இடத்தில் மட்டும் திசுத்தாள் கீல் வைத்து, பழைய மடிப்பிலேயே மடித்து, வலது மேல் மூலையில் அதே இடத்தில் ஒட்டிவிட்டேன். 4½ மறுபடியும் உள்ளே போய்விட்டது. என் அவசரத்தில் பிய்ந்த பழைய ஸ்பிரிங்கின் தலைக்கு ஒரு துளிப் பசை போதுமாக இருந்தது. ஒடிந்த இன்னொன்று, நடுவில் இருந்தது, தேறவில்லை, நான்கு துண்டு. சின்ன உறையில் போட்டு அட்டையோடு வைத்திருக்கிறேன். புதிதாக வைத்த இரண்டின் உள்மடிப்பிலும் பென்சிலில் வருடம் எழுதியிருக்கிறேன், அடுத்துப் பிரிப்பவர் குழம்ப வேண்டாம் என்று. டீத்தண்ணீரில் நனைத்துப் பழசாக்கும் வேலையெல்லாம் செய்யவில்லை. டீயில் அமிலம், தாளுக்கு ஆகாது. அதோடு, புதியது புதியது மாதிரியே தெரிந்தால்தான் என்ன?

கடைசியாகக் கண்ணாடியை எடுத்தபோது லேஸ் உடனே எழவில்லை. ஒரு நொடி. முதலில் வலது மேல் மூலை, அப்புறம் நடு, புறா கொஞ்சம் சாய்ந்து, கடைசியில் இடது கீழ் மூலை, சோம்பேறித்தனமாக. முழுசாக நிமிர 10 விநாடி ஆகிறது. செல்போனில் படம்பிடித்து வைத்துக்கொண்டேன்.

அடுத்த சந்தையில் பாட்டியிடம் அந்த வீடியோவைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, இரண்டு தடவை ஓடவிட்டுப் பார்த்தார்.

"நின்றுவிட்டதே. பாக்கி 82 எங்கே?"